‘நான் இப்ப இங்கதான் இருக்கேன்!’ ஊருக்கே தண்டோரா போடும் செல்போன் விளையாட்டு: ஜாலியா? ஆபத்தா?

வீட்டைப் பூட்டிவிட்டு குடும்பத்தோடு ஊருக்கு கிளம்பும்போது என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் “கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு போவோம். “நாங்க 4 நாள் ஊர்ல இல்லை” என்று வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு யாராவது போவார்களா?

போக மாட்டார்கள். ஆனால் சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் அந்த வேலையை சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அதுவும் விளையாட்டு என்ற பெயரில்!

மேயர் ஆகலாம் வாங்க

இந்த மாதிரி விளையாட்டை பிரபலமாக்கியது ‘போர்ஸ்கொயர்’. 2009-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் உள்ள ஆஸ்டின் நகரில் அறிமுகமானது. இதை உருவாக்கியவர்கள் 2 பேர். ஒருவர் டென்னிஸ் குரோலி. இன்னொருவர் நவீன் செல்வதுரை. பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்ம தமிழ்ப் பெயர்தான்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஓட்டலுக்கோ, ஜிம்முக்கோ, சினிமாவுக்கோ போனதும் செல்போனை எடுத்து ‘வந்துட்டேன்’ என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. இதற்கு ‘செக்-இன்’ என்று பெயர். செக்-இன் செய்தால் பாயிண்ட். விதவிதமான இடங்களுக்கு போனால் பேட்ஜ். அப்போது, முந்தைய 60 நாட்களில் ஒரு கடைக்கு யார் அதிக நாள் வந்தாரோ, அவர்தான் அந்த கடைக்கு ‘மேயர்’ ஆக இருந்தார். வேறு ஒருவர் முந்திவிட்டால் பதவி பறிபோனது.

2010-ல் ஸ்டார்பக்ஸ் காபி கடை தனது மேயர்களுக்கு ஒரு பானத்தில் 1 டாலர் தள்ளுபடி கொடுத்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்?

ஏன் இந்த மவுசு?

தேர்தலில் நிற்காமல், காசு செலவழிக்காமல் ஒரு பதவி கிடைக்கிறது. நாம வந்தது நாலு பேருக்கு தெரிகிறது. பெரிய ஊரில் தனியாக கிடக்கும் ஒருவருக்கு, அடுத்த தெருவில் தன் நண்பன் சாப்பிட்டுக்கொண்டு இருப்பது தெரிந்தால் சந்தோஷம்தானே? ஆசையில் தப்பில்லை. வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

‘திருட வாங்க’

2010 பிப்ரவரியில் நெதர்லாந்தை சேர்ந்த 3 இளைஞர்கள் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘பிளீஸ் ராப் மீ’. அதாவது, ‘தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்’! டுவிட்டரில் எல்லோரும் பார்க்கும்படி போட்ட செக்-இன் தகவல்களை எடுத்து, யார் யார் இப்போது வீட்டில் இல்லை என்று வரிசையாக போட்டார்கள். எந்த பூட்டையும் உடைக்கவில்லை. எந்த பாஸ்வேர்டையும் திருடவில்லை. ஜனங்கள் தாங்களாகவே சொன்னதைத்தான் தொகுத்தார்கள். திருடச் சொல்வது அவர்கள் நோக்கம் அல்ல, எச்சரிப்பதுதான்.

“என் வீட்டு அட்ரஸ் யாருக்கு தெரியும்?” என்று கேட்கலாம். விருந்துக்கு வரும் நண்பர் உங்கள் வீட்டிலேயே செக்-இன் போட்டால்? அட்ரசும் அம்பலம்!

பெண்களுக்கு குறி

2012 மார்ச்சில் ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மீ’ என்ற ரஷ்ய ஆப் பெரிய பரபரப்பை கிளப்பியது. பக்கத்தில் எந்தெந்த பெண்கள் இருக்கிறார்கள் என்று போட்டோவோடு மேப்பில் காட்டியது. தகவல் எங்கிருந்து வந்தது? போர்ஸ்கொயர், பேஸ்புக்கில் அந்த பெண்கள் பொதுவில் விட்டதில் இருந்துதான். எதிர்ப்பு கிளம்பியதும் போர்ஸ்கொயர் தகவல் தருவதை நிறுத்தியது. அந்த ஆப்பும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இருந்து எடுக்கப்பட்டது.

போக்கிமான் பிடிக்கப்போய்...

2016 ஜூலையில் ‘போக்கிமான் கோ’ வந்தது. ரோட்டில் இறங்கி நடந்து, செல்போனில் தெரியும் பொம்மை மிருகங்களை பிடிக்க வேண்டும். வந்த சில நாட்களிலேயே அமெரிக்காவின் மிசவுரி மாநிலம் ஓபாலன் பகுதியில் துப்பாக்கி கொள்ளை. விளையாடுபவர்கள் எங்கே வருவார்கள் என்பதை அந்த விளையாட்டை வைத்தே கண்டுபிடித்து காத்திருந்ததாக 4 பேரை போலீசார் மடக்கினர்.

அடுத்த மாதமே ஜப்பானின் டோகுஷிமா நகரில் ஒரு டிரைவர் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே வண்டி ஓட்டி 2 பெண்கள் மீது மோதினார். ஒருவர் இறந்தார். இந்தியாவுக்கு இந்த விளையாட்டு 2016 டிசம்பரில் அதிகாரப்பூர்வமாக வந்தது.

சாதாரண ஜனங்கள் மட்டும்தான் மாட்டுகிறார்களா? 2018 ஜனவரியில் ‘ஸ்டிராவா’ என்ற ஓட்டப்பயிற்சி ஆப்பின் மேப்பை பார்த்து, ஆப்கானிஸ்தான், சிரியாவில் உள்ள ராணுவ முகாம்களின் அமைப்பையே கண்டுபிடித்தார் ஒரு ஆஸ்திரேலிய மாணவர். வீரர்கள் காலையில் ஓடிய தடம் கோடு கோடாக அதில் விழுந்திருந்தது!

எங்கே சிக்கல்?

ஒரு நாள் செக்-இன் பெரிதாக ஒன்றும் சொல்லாது. 60 நாள் செக்-இன் உங்கள் ஜாதகத்தையே சொல்லிவிடும். எப்போ வேலைக்கு போறீங்க, எந்த வழியில் திரும்புறீங்க, எந்த கிழமை வீடு காலி எல்லாம் தெரிந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், தவறாமல் ஒரே இடத்துக்கு போகிறவருக்குத்தான் விளையாட்டில் மேயர் பதவி. பின்தொடர்பவனுக்கும், திருடனுக்கும் தேவைப்படுவதும் அதே பழக்கம்தான்.

போட்டிக்கு வந்த ‘கோவாலா’ 2012-ல் மூடப்பட்டது. போர்ஸ்கொயரின் சிட்டி கைடு ஆப்பும் 2024 டிசம்பரில் நின்றுபோனது. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. 2017-ல் ஸ்னாப்சாட் தனது மேப்பை கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமும் அமெரிக்காவில் மேப் தொடங்கியது.

என்ன செய்யலாம்?

* போட்டோ, செக்-இன் எதுவானாலும் அந்த இடத்தை விட்டு கிளம்பிய பிறகு போடுங்கள்.

* அடுத்தவர் வீட்டில் செக்-இன் வேண்டாம்.

* ஸ்னாப்சாட்டில் ‘கோஸ்ட் மோடு’ போட்டால் மேப்பில் தெரிய மாட்டீர்கள்.

* செட்டிங்சில் போய், எந்தெந்த ஆப்புக்கு லொக்கேஷன் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். தேவையில்லாததை ஆப் செய்யுங்கள்.

* பிள்ளைகள் போனையும் ஒருமுறை வாங்கி பாருங்கள். திட்டாமல் விவரத்தை சொல்லுங்கள்.

லொக்கேஷன் அனுப்புவதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும் மகள், வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு லைவ் லொக்கேஷன் அனுப்பினால் அது பாதுகாப்பு. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கணக்கு வைத்து அனுப்பலாம், நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். அம்மாவுக்கு தெரிய வேண்டியது ஊருக்கே தெரிவதுதான் ஆபத்து.

மேயர் பதவி போனால் போகட்டும். வீட்டு சாவி நம்ம கையில் இருக்கணும்!