புது நாடு, புதுப் பள்ளி... முதல் மாதம் கைகொடுப்பது யார்?

1924-ல் ஜெனீவாவில் சர்வதேசப் பள்ளி தொடங்கியபோது அங்கிருந்த மாணவர்கள் 8 பேர்தான். சர்வதேச சங்கத்தில் வேலை பார்க்க பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்காக உருவான பள்ளி அது. 1926-ல் தாய் கமலா நேருவின் சிகிச்சைக்காக சுவிட்சர்லாந்து போன இந்திராவும் தன் 8 வயதில் அங்கே படித்தார். இன்று அதே பள்ளியில் 4,000-க்கும் அதிகமான பிள்ளைகள்!

ஆனால், சில நூறு பேர் மட்டுமே படிக்கும் சிறிய சர்வதேசப் பள்ளிகள் இன்றும் பல நகரங்களில் உண்டு. அப்பா, அம்மாவின் வேலை மாறினால் வருடத்தின் நடுவிலும் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். அதனால் அங்கே வரவேற்பு என்பது ஒருநாள் பூங்கொத்தோடு முடிகிற விஷயமல்ல.

பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

நம்மூரில் இனிஷியல். அங்கே விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயரை எழுதிவிட்டு வந்தால், சில இடங்களில் வகுப்பில் பிள்ளையை அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்! எந்தப் பெயரில் அழைக்க வேண்டும், அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பேசாத பிள்ளைக்கு என்ன ஆச்சு?

வீட்டில் வாயாடும் குழந்தை, வகுப்பில் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கலாம். புது மொழியைக் காதில் வாங்கிச் சேர்த்துவைக்கும் காலம் அது. சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கிலும் நீளும். 'பேசு, பேசு' என்று நெருக்க வேண்டாம். வீட்டில் தமிழை நிறுத்தவும் வேண்டாம். தாய்மொழியில் பலமாக இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாகவே வரும். நீண்ட நாள் ஆகியும் மாற்றம் இல்லையென்றால் ஆசிரியரிடம் பேசலாம்.

நல்ல பள்ளிகள் புதுப் பிள்ளைக்கு வகுப்பிலேயே ஒரு துணையை ஏற்பாடு செய்யும். மதிய உணவு இடைவேளையில் தனியாக உட்காராமல் இருப்பதே பாதி நிம்மதி!

அம்மாவுக்கும் ஒரு தோழி வேண்டும்

துணைவர் விசாவில் வருபவருக்குப் பல நாடுகளில் உடனே வேலைக்குப் போக முடியாது. வேலையை விட்டுவிட்டு வந்த அம்மாவுக்குப் பள்ளி வாசல்தான் முதல் அறிமுக இடம். எந்தக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கும், எந்த டாக்டர் ஆங்கிலம் பேசுவார் என்பதெல்லாம் ஏற்கெனவே வந்து சமாளித்த இன்னொரு அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால், பெற்றோருக்கான காபி சந்திப்புக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் போய்விடுங்கள்.

சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

இப்படி வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் கலாசாரக் குழந்தைகள்' என்கிறார்கள். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் யூசீம் கொடுத்த பெயர் இது. இந்தப் பிள்ளைகளுக்கு நண்பர்களைப் பிரிவது பழகிப்போகும். 'எப்படியும் போகத்தானே போறோம்' என்று புது நட்பையே தவிர்க்கிற பிள்ளைகளும் உண்டு.

எனவே, ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பாட்டி, பக்கத்து வீட்டு நண்பன், பழைய டீச்சர் எல்லோரிடமும் பிள்ளை விடைபெற நேரம் கொடுங்கள். சண்டை போட்ட நண்பனிடம் பழம் விட்டுவிட்டுப் போகட்டும். மனசில் பாரமில்லாமல் கிளம்பும் பிள்ளைதான், புது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கும்.