முதல் குதிரை தீவுக்குத்தான் போனது

மெயின்லேண்டில் அறிவிக்கும் விலையை அந்தமான்காரர்கள் அப்படியே நம்புவதில்லை. சென்னையில் சிமென்ட்டுக்கு ஒரு விலை. மூன்று நாள் கடலில் ஆடிவிட்டு இங்கே வந்து இறங்கும் சிமென்ட்டுக்கு வேறு விலை. 1964 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு நிறுவனம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிவித்த 2,368 டாலரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. மஸ்டாங் காரின் ஆரம்ப விலை அது. ஆனால் டெட்ராய்ட்டில் போய் எடுத்துக்கொண்டால்தான். ஊருக்குக் கொண்டுவரும் செலவு தனி.

இருந்தாலும் மலிவுதான். டாலர் 4 ரூபாய் 76 காசு விற்ற காலம். நம் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம். அதே ஆண்டு செவர்லே கார்வெட் வாங்க 4,000 டாலருக்கு மேல் வேண்டும், அதுவும் இரண்டே பேர் உட்கார. மஸ்டாங்கில் நால்வர் போகலாம்.

எப்படிக் கட்டுப்படியானது? ஃபோர்டு பிரிவின் தலைவர் லீ அயகோக்கா, 2,500 டாலரைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டார். அதற்குள் அடங்கும்படிதான் கார் உருவானது. ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் காரின் என்ஜினையும் அடிப்பாகத்தையும் எடுத்து, மேலே நீண்ட மூக்கும் குட்டை வாலும் வைத்தார்கள். பசுவுக்குக் குதிரைச் சேணம் என்று கேலி செய்யலாம். அடிப்படை மாடலின் சக்தி 101 குதிரைத் திறன்தான். வி-8 என்ஜின், ஆட்டோமேடிக் கியர், ஏன், ரேடியோகூடத் தனிக் காசு. விலை ஆளை ஷோரூமுக்குள் இழுத்தது. மீதியை உபரிப் பட்டியல் பார்த்துக்கொண்டது. முதல் நாளே 22,000 ஆர்டர்கள். இரண்டு ஆண்டுக்குள் 10 லட்சம் கார்கள்.

வரிசை எண் 1 கொண்ட மஸ்டாங் போய்ச் சேர்ந்ததும் ஒரு தீவுக்குத்தான்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. தூரத்து ஊர் என்பதால் முன்கூட்டியே அனுப்பிய காட்சி வண்டி அது. விற்பனையாளர் காத்திருக்கவில்லை. அறிமுகத்துக்கு மூன்று நாள் முன்பே ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு விற்றுவிட்டார். விழித்துக்கொண்ட ஃபோர்டு திருப்பிக் கேட்டது, டக்கர் அசையவில்லை. 1966இல் ஒரு புது மஸ்டாங்கைக் கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. இப்போது அது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில்.

இந்தியாவுக்கு மஸ்டாங் வந்தது 2016இல். டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த அதே ஃபோர்டு, இதை முழு வண்டியாகவே இறக்குமதி செய்தது. 5,000 சிசி என்ஜின் என்பதால் அடிப்படைச் சுங்கவரியே நூறு சதவீதம். அமெரிக்காவில் முதல் வேலையில் சேர்ந்த இளைஞனின் சம்பளத்தை நினைத்து விலையை எழுதினார்கள். இங்கே எல்லா வரியையும் கூட்டி, கடைசியில் நிற்கும் தொகைக்கு விலை என்று பெயர் வைத்தார்கள்.

யாராவது ஒருவர் கப்பல் கூலியும் கொடுத்து ஒன்றை இங்கே இறக்கினாலும், அந்தமான் ட்ரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் மற்ற வண்டிகளோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். ஜாரவா காப்பகத்துக்குள் முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்.