முதலில் அறை கட்டாதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எனக்கு 4 ஏக்கர் தென்னந்தோப்பு. வாடல் நோயால் 40 மரங்களை வெட்டிவிட்டேன். காலியான இடத்தில் சுற்றுலா வருபவர்கள் தங்க 4 அறை கட்டலாம், நிலத்தை அடமானம் வைத்து 10 லட்சம் வாங்கலாம் என்கிறான் மகன். துணிந்து இறங்கலாமா?

பதில்: மகன் ஊரிலேயே இருந்து பிழைக்க வழி தேடுகிறார். அதற்கு முதலில் என் பாராட்டு. வேளாண் சுற்றுலா நல்ல தொழில்தான். ஆனால், கடன் வாங்கி அறை கட்டி அதைத் தொடங்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால், வட்டி மட்டுமே மாதம் 10,000 ரூபாய். விருந்தாளி பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வருவார். மழை பிடித்தால் அதுவும் இல்லை. வட்டிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மகாராஷ்டிர மாநிலம் பாராமதி பகுதியில் 2005-ல் பாண்டுரங் தாவரே இதற்கு முன்னோடித் திட்டம் தொடங்கினார். 2020-ல் அந்த மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அங்கே குளிர்காலத்தில் 'ஹுர்டா' சாப்பிடவே நகரத்துக் குடும்பங்கள் தோட்டம் தேடிப் போகின்றன. முற்றாத சோளக்கதிரை வறட்டித் தணலில் சுட்டு, கையால் கசக்கி, சூடாகக் கொடுப்பதுதான் ஹுர்டா. அதற்குத் தேவை சோளக்காடு. சொகுசு அறை அல்ல. இத்தாலியில் 1985-ல் வந்த சட்டமும் விவசாயம்தான் முதன்மை, விருந்தோம்பல் துணைத்தொழில் என்றே வகுத்தது.

ஆகவே, முதல் வேலை தோப்பைக் காப்பாற்றுவது. வாடல் நோய்ப் பகுதிகளுக்காகக் காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ஆகியவற்றை வெளியிட்டுள்ளது. கன்று கிடைக்குமா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து, காலியிடத்தில் நடுங்கள்.

அடுத்து, ஒரு நாள் வருகையாகத் தொடங்குங்கள். காலையில் இளநீர், பால் கறவை, தேங்காய் உரிப்பது, கீற்று முடைவது. மதியம் வீட்டுச் சாப்பாடு. புறப்படும்போது தேங்காயும் எண்ணெயும் விலைக்குக் கொடுங்கள். ஆறு மாதம் வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். தங்க ஆசைப்படுபவர்கள் பெருகினால், இருக்கும் வீட்டில் ஓர் அறையைச் சீர்செய்யலாம்.

இவற்றைக் கவனியுங்கள்:

• காய், மட்டை விழும் மரத்தடியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் அவசியம்.

• பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் வருகை வேண்டாம்.

• இலவச விவசாய மின் இணைப்பை விருந்தினர் அறைக்கு இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள்.

• சாப்பாடு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

• தங்கும் வாடகை விவசாய வருமானம் ஆகாது. வருமான வரிக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும்.

மகனுக்கு இந்த ஆறு மாதப் பொறுப்பை முழுதாகக் கொடுங்கள். பத்திரம் மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.