தந்தையார் வைத்துச் சென்ற படங்கள்

வடமராட்சியிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். காலஞ்சென்ற தந்தையாரின் அலுமாரியை ஒழுங்கு செய்தபோது, பழைய துணியிற் சுற்றிய படங்கள் ஐந்து கிடைத்தனவாம். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை முதலிய ஊர்களின் ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் அவற்றிற் காணப்படுகின்றன. செய்தி அறிந்து வந்த தரகர் ஒருவர், தெல்லிப்பழைப் படத்துக்கு மாத்திரம் ஒரு விலை கூறிவிட்டு, ஏனையவை வெறுங் கடதாசி என்று சொல்லி அவற்றை இனாமாகக் கேட்டாராம். தாயாருக்குக் கண்ணிற் சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருக்கின்றது. இலண்டனில் வாழும் தம்பியோ, படங்களைத் தமக்கு அனுப்பிவிடும்படி எழுதுகின்றார். நம்பத்தக்க வணிகரை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே சகோதரியின் கேள்வி.

வெறுங் கடதாசியை ஒருவர் இனாமாகவேனும் ஏன் கேட்கவேண்டும்? இந்தக் கேள்வி சகோதரியின் உள்ளத்திலும் எழுந்திருக்கின்றது. ஆகவேதான் படங்கள் இன்னும் அவர் கையில் இருக்கின்றன.

இத்தகைய தேவாலயப் படங்கள் பால்தேயுஸ் பாதிரியாரின் நூலிற் காணப்படுபவை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாகிய பின்னர் இங்கு சமயப் பணி புரிந்து, பின் தாயகம் திரும்பிய அவரது அந்நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. செப்புத் தகட்டிற் கோடு கீறி, கோட்டினுள் மை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் அழுத்திப் பதித்த படங்கள் அவை. ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கப்படுமாதலால், இவை உலகில் ஒன்றேயான பொருள்களல்ல. ஆயினும் மூன்றரை நூற்றாண்டைக் கடந்த தாள்கள், வெறுங் கடதாசியுமல்ல.

நகை விற்கச் செல்லும் இல்லத்தரசி, முதலில் வேறோரிடத்தில் நிறுத்துப் பார்த்த பின்னரே கடைப்படி ஏறுவாள். படத்துக்கும் அதுவே முறை. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். நிழல் விழும் இடமெல்லாம் ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தோன்றினால், அது பெரும்பாலும் பிற்காலத்து அச்சுப் பிரதியே. கோடுகளாகவே தோன்றினால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் உண்டா என்று பாருங்கள். ஓரம் நறுக்கப்பட்டிருப்பின் அத்தடம் இராது. வெளிச்சத்தில் ஏந்தினால், கையாற் செய்த பழந்தாளில் வரிசை வரிசையான கோடுகள் தெரியும். புத்தகத் தாளாயின், மறுபக்கத்தில் ஒல்லாந்த மொழி எழுத்து இருத்தலுமுண்டு. ஒல்லாந்தர் கால இலங்கைப் படங்களைத் திரட்டி ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் 1988இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் பெரிய நூலகங்களிற் தேடி, உங்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் அறிந்து சென்றால், வணிகரை நீங்களே சோதிக்கலாம். நல்ல வணிகர் விலை பேசுமுன் கேள்வி கேட்பார்: எங்கிருந்து வந்தது, எவரிடம் இருந்தது, முழு நூலும் உண்டா என்பார். பூச்சி அரித்த இடத்தையும் மடிப்பையும் உங்களுக்கே காட்டித் தம் விலைக்குக் காரணம் சொல்வார். தாம் விற்கும் விலையிலும் குறைத்தே வாங்குவார். கடை வாடகையும் காத்திருக்கும் காலமும் அவருக்கு உண்டு, அது வஞ்சகமன்று. ஆனால் இன்றே முடிவு சொல் என்று நெருக்குபவரையும், பற்றுச்சீட்டுத் தராமல் 'காட்டிவிட்டு வருகிறேன்' என்று எடுத்துச் செல்ல முயல்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மதிப்பிடுபவர் ஒருவராகவும் வாங்குபவர் வேறொருவராகவும் இருத்தல் நன்று. மதிப்பிடுபவருக்குரிய கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விலையில் வீதம் கேட்பவர் வேண்டாம்.

இனித் தம்பியாரின் யோசனை. இலண்டனில் 1906ஆம் ஆண்டு முதல் பழநூல் வணிகர் சங்கம் ஒன்று உண்டு. அதன் அங்கத்தவர்கள் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆயினும் படங்களைத் தபாலில் இட்டுவிட முடியாது. பண்பாட்டுச் சொத்துக்களை நாட்டைவிட்டு அனுப்புவதையும் அவற்றில் வணிகம் செய்வதையும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியிருக்கின்றது. தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள். இங்குள்ள வணிகரிடமும் அந்த அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

அதுவரையில் படங்களைத் துடைக்கவோ, ஓரம் நறுக்கவோ, ஒட்டுநாடா ஒட்டவோ வேண்டாம். அன்போடு செய்யும் துப்புரவே பல படங்களைக் கெடுத்திருக்கின்றது. தந்தையார் சுற்றிவைத்த துணியையும் எறியாதீர்கள். அவர் கையெழுத்தில் ஏதேனும் குறிப்பு இருந்தால் அதுவும் படத்தின் வரலாறேயாகும்.

தாயின் கண்ணுக்காகத் தந்தையின் பொருளை விற்பதிற் குறையேதுமில்லை. விற்குமுன் ஐந்தையும் தெளிவாகப் படம்பிடித்து, சகோதரர் யாவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு, எவருக்கு விற்றோம் என்பதை எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். படம் கைமாறலாம்; அதன் பொருட்டு உடன்பிறந்தார் மனம் மாறலாகாது. சத்திரசிகிச்சை முடிந்ததும் தாயாருக்கு அந்தப் பிரதியைக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை நமக்கும் எழுதுங்கள்.