கூழாங்கல்லா, கற்கருவியா? ஒரு கல் மனித வரலாற்றையே மாற்றுவது எப்படி?

1863 மே 30. சென்னை பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் கிடந்த கல்லை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் எடுத்தார். அது தானாக உடைந்த கல் அல்ல, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடாரி என்று அடையாளம் கண்டார். அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் சிக்கின.

சரி, கீழே கிடக்கும் கல்லில் எது கருவி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் சோதனை: அடித்தது யார்?

ஆற்றில் உருளும் கல்லும் உடையும். ஆனால் அந்த உடைப்புக்கு ஒழுங்கு இருக்காது. மனிதன் இன்னொரு கல்லால் குறிபார்த்து அடித்தால், பெயர்ந்த சில்லில் அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு தெரியும். சில வகைக் கற்களில், குளத்தில் கல் எறிந்தால் வருவது போன்ற அலை வளையங்களும் தெரியும். மூலக்கல்லில் அதே இடம் குழிவாக இருக்கும். இப்படிப்பட்ட குழிவுகள் வரிசையாக அமைந்து, ஓரம் கூராகியிருந்தால் அது மனிதக் கை வேலை.

அடுத்து: என்ன வகை?

சில்லு பெயர்க்கப்பட்ட மூலக்கல், சில்லு, செதுக்கும்போது விழுந்த கழிவு, முழுமையான கருவி என்று முதலில் பிரிப்பார்கள். உடைந்த கழிவைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள். கருவி அங்கேயே செய்யப்பட்டதா, வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டதா என்று சொல்வது அதுதான்.

பிறகு கருவிகளை கைக்கோடாரி, அகன்ற வெட்டுமுனை கொண்ட பிளவைக்கோடாரி, சுரண்டி, கூர்முனை என்று வகைப்படுத்துவார்கள். வடிவம் மட்டும் போதாது, செய்த முறையும் முக்கியம். உதாரணமாக 'லெவல்வா' முறை. மூலக்கல்லை முன்கூட்டியே செதுக்கித் தயார் செய்து, வேண்டிய வடிவத்தில் சில்லைப் பெயர்த்தெடுப்பது. மனதில் திட்டம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

ஒரே கல்லை வைத்து வயது சொல்லலாமா?

முடியாது. கைக்கோடாரியை மனிதர்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்திருக்கிறார்கள். அதனால் எந்த மண் அடுக்கில், எந்தக் கருவிகளோடு சேர்ந்து கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கள ஆய்வில் தரைமேல் கிடைக்கும் கற்களில் பல காலத்துக் கருவிகள் கலந்திருக்கலாம். அகழாய்வு தேவைப்படுவது இதனால்தான்.

அத்திரம்பாக்கத்தில் என்ன விவாதம்?

இங்கு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999 முதல் அகழாய்வு செய்தனர். கைக்கோடாரிகள் இருந்த கீழ் அடுக்குகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டனர்.

2018-ல் வந்த முடிவு இன்னும் பெரிய கேள்வியை எழுப்பியது. மேல் அடுக்குகளில் கிடைத்த 7,000-க்கும் மேற்பட்ட கற்களை வகைப்படுத்தியபோது, பெரிய கருவிகள் குறைந்து, சிறு சில்லுக் கருவிகளும் லெவல்வா முறையும் தலைதூக்கியது தெரிந்தது. அதாவது, இடைப் பழைய கற்காலம். மண் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்று கணக்கிடும் முறையில், இது தொடங்கிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று வந்தது.

அதுவரை, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நவீன மனிதர்கள் சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பிறகோதான் இந்தத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்து வலுவாக இருந்தது. அப்படியென்றால், அதற்கு முன்பே இங்கு இதைச் செய்தது யார்?

பதில் சொல்ல அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இருப்பது கல் மட்டும்தான். கருவி ஒத்திருப்பதால் செய்தவரும் ஒரே இனம் என்று சொல்லிவிட முடியாது. வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகவும் ஒரே உத்தி தோன்றலாம். ஆக, ஒரு சில்லை எந்தப் பிரிவில் வைக்கிறோம் என்பதில்தான் மொத்த விவாதமும் நிற்கிறது.

நீங்கள் பார்த்தால்?

வயலிலோ ஓடையிலோ இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அழகான கல் மிஞ்சும், அதன் கதை மிஞ்சாது.