நோயாளியின் இரகசியம்

அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் விபரங்கள் படிப்படியாகக் கணனிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. கையிற் கொண்டு திரியும் கிளினிக் கொப்பி தொலைந்தால் வைத்தியமே தடுமாறும் நிலையை நாம் அறிவோம். அக்குறையை நீக்கும் முயற்சியை வரவேற்கின்றோம்.

ஆயினும் மக்கள் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறாகும். மக்களுக்குக் கணனி மீது பகையில்லை. அதனைத் திறந்து பார்ப்பவர் யார் என்பதே அவர்தம் கேள்வி. மனநோயோ பால்வினை நோயோ உற்ற ஒருவர் வைத்தியரிடம் உரைத்தது, தொழில் தருவோருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் பொலிசாருக்கும் எட்டுமாயின் அவர் வாழ்வு என்னாவது?

தமிழ் மக்களுக்கு இவ்வச்சம் அனுபவம் தந்த பாடம். 1983 யூலையிற் காடையர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிக்கவென எழுதப்பட்ட பெயர்கள் வீடுகளை எரிப்பதற்கு வழிகாட்டின. 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் குடும்ப விபரங்களைப் புகைப்படங்களோடு திரட்டினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றம் சென்ற பின்னரே, அதனை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் உறுதியளித்தார். ஒரு நோக்கத்திற்காகத் திரட்டிய விபரம் மற்றொன்றிற்குப் பயன்படாது என்று இன்று பிணை நிற்பவர் யார்?

சட்டம் இருக்கின்றதே என்பர். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரங்களுக்குச் சிறப்பான காவல் விதித்தது உண்மையே. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. காவல் புரியவேண்டிய அதிகாரசபையின் உறுப்பினரை நியமிக்கும் பொறுப்பையும் அச்சட்டம் சனாதிபதியிடமே ஒப்படைத்தது. விபரம் திரட்டுவதும் அரசாங்கம். காவலாளியை அமர்த்துவதும் அரசாங்கத் தலைவர்! அரசியலமைப்பிலோ அந்தரங்கம் தனியொரு அடிப்படை உரிமையாகக் கூறப்படவில்லை. 14அ உறுப்புரையில், தகவல் உரிமைக்கு வரம்பிடும் காரணங்களுள் ஒன்றாக மட்டுமே அச்சொல் இடம்பெறுகின்றது.

எனவே நாம் கோருவன நான்கு. நீதிமன்றக் கட்டளையின்றிப் படையினரோ பொலிசாரோ நோயாளர் பதிவுகளைப் பார்த்தலாகாது. தன் பதிவை யார், எப்போது திறந்தார் என்பதை அறிய நோயாளிக்கு உரிமை வேண்டும். சம்மதம் அவருக்கு விளங்கும் மொழியிற் பெறப்படல் வேண்டும். சம்மதம் மறுத்தவருக்கு வைத்தியம் மறுக்கப்படலாகாது.

இவற்றை அளிக்காத அரசாங்கம் நம்பிக்கையை எதிர்பார்க்க இயலாது. அஞ்சுகின்ற நோயாளி வைத்தியரிடமே நோயை மறைப்பார். அப்போது கணனியில் நிறைந்திருப்பவை பொய்களே. வைத்தியசாலைக்கு வராமலே மாள்பவர் எம் மக்களே.