வேலைக்காரி துப்பறிந்தால்

“மர்ம நாவலா? பஸ்சுக்குக் காத்திருக்கும்போது படிச்சிட்டுப் பழைய பேப்பர் கடையில போடுற சரக்கு அது.” நம் தோழர்கள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். மார்க்சியம் படித்த தோழர் ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்கிறார். இலக்கியம் படித்த தோழர் ‘குப்பை’ என்கிறார். ஆனால் இரண்டு பேருமே ரயிலில் போகும்போது ஒன்று வாங்கிப் படிக்கிறார்கள், அட்டையைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு.

நான் அட்டையை மடிக்காமலே படிக்கிறேன். கொஞ்ச நாளாகப் படித்த சில மர்ம நாவல்களைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

துப்பறியும் கதை எதைப் பற்றியது? சொத்து, சாவு, சாட்சி, சந்தேகம், போலீஸ். இந்த ஐந்தில் சொத்து ஒன்றுதான் நமக்கு அந்நியம். மற்ற நாலும் நம்ம தெருவுக்கு வழி கேட்காமலே வந்து சேரும். அப்படியிருக்க, இந்தக் கதைகளை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது? ஆனால் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளணும். கொலை செய்தது யார் என்பதல்ல அந்தக் கேள்வி. இந்தக் கதையில் உண்மையைக் கண்டுபிடிக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? அதுதான் கேள்வி.

எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928இல் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் எழுதினார். அதில் ஒன்று, வேலைக்காரரைக் கொலைகாரராகக் காட்டக் கூடாது என்பது. ‘அட, நல்ல மனுசனா இருக்காரே’ என்று தோன்றும். காரணத்தைக் கேளுங்கள். சமையல்காரர், எடுபிடி ஆள் போன்றவர்களைக் கொலைகாரராக்கினால் அது ரொம்ப மலிவான முடிவாம். படிக்கிறவருக்குச் சப்பென்று போய்விடுமாம். குற்றவாளி மதிப்புள்ள ஆளாக இருக்கணுமாம். அதாவது, கொலை செய்யக்கூட ஒரு அந்தஸ்து வேண்டும்!

அடுத்த வருசம், 1929இல், ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 10 கட்டளைகள் போட்டார். அதில் ஒரு கட்டளை, கதையில் சீனாக்காரர் வரக் கூடாது என்பது. அந்தக் கால மலிவுக் கதைகளில் எதற்கெடுத்தாலும் சீனரை வில்லனாக்கியதற்கான கிண்டல் இது என்று விளக்கம் சொல்கிறார்கள். கிண்டலாகவே இருக்கட்டும். வில்லனாக்காதே என்று சொல்லியிருக்கலாமே? வரவே வராதே என்று ஏன் சொல்லணும்? இழிவுபடுத்துவது ஒரு வழி, இல்லாமல் ஆக்குவது இன்னொரு வழி. இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான்.

அகதா கிறிஸ்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1953இல் வந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ நாவலில் கிளாடிஸ் என்ற வேலைக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். செத்தவளின் மூக்கில் துணி மாட்டுகிற கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் கொலைகாரன். அவளுக்கு வேலை பழக்கிவிட்ட கிழவி மிஸ் மார்பிள் அந்த அவமானத்தைப் பொறுக்க முடியாமல்தான் கிளம்பி வருகிறாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது. ஆனால் கிளாடிஸ் எழுதிய கடிதம் எப்போது வந்து சேருகிறது? எல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கங்களில். வேலைக்காரியின் சாட்சி அவள் செத்த பிறகுதான் வருகிறது. அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு சீமாட்டி வேண்டியிருக்கிறது.

இது கதை. நிசம் இதற்கு நேர் எதிர். பீரோவில் நகை காணோம் என்றால் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பத்துப்பாத்திரம் தேய்க்கிற அம்மாவைத்தான். அவர் பையன் வேலை வெட்டி இல்லாமல் இருந்தால் முடிந்தது, இரண்டு பேரும் ஸ்டேஷனில் உட்கார வேண்டியதுதான். கதையில் குற்றவாளியாக இருக்கத் தகுதி இல்லாதவர், ஸ்டேஷனில் முதல் குற்றவாளி. வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தச் சந்தேகத்தைப் பிறப்போடு சேர்த்துத் தைத்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது நீண்டது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952இல்தான். அந்தச் சட்டத்துக்குத் துப்பறிகிறவரே தேவையில்லை. பிறப்புதான் தடயம்.

இன்னொன்றும் சொல்லணும். துப்பறியும் கதையில் பூதக்கண்ணாடியோடு தேடுகிறார்களே கைரேகை, அது வளர்ந்த இடம் லண்டன் மட்டுமல்ல. காலனிய வங்காளத்தில் கூலிக்காரர், குத்தகைக்காரர், கைதி இவர்களின் விரல்களில் மை தடவிப் பழகிய வித்தை அது. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் திறந்த பிறகுதான் லண்டன் போலீஸ் அதை எடுத்துக்கொண்டது. ஆக, இந்த இலக்கியத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கதையில் பெயர் வராவிட்டாலும் அதில் நம்ம ரேகை இருக்கிறது.

இப்போது நான் கொண்டாட நினைக்கிற நாவலுக்கு வருகிறேன். பார்பரா நீலி என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1992இல் எழுதிய ‘பிளாஞ்ச் ஆன் தி லாம்’. பிளாஞ்ச் தலைமறைவாகிவிட்டாள் என்று அர்த்தம். நாயகியின் பெயர் பிளாஞ்ச் ஒயிட். பிளாஞ்ச் என்றால் பிரெஞ்சு மொழியில் வெள்ளை. ஆக, கன்னங்கரேலென்று இருக்கிற பொம்பளைக்குப் பெயர் வெள்ளையம்மா வெள்ளை! பெயரிலேயே நக்கல் ஆரம்பித்துவிடுகிறது.

பிளாஞ்ச் வடக்குக் கரோலினாவில் வீட்டுவேலை செய்கிறவள். செத்துப்போன தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். முதலாளிகள் கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்ததால் அவள் கொடுத்த செக்குகள் பணம் இல்லாமல் திரும்பிவிடுகின்றன. நீதிமன்றம் 30 நாள் சிறை என்கிறது. கூலி கொடுக்காதவருக்குச் சிறை இல்லை, கவனிங்க. பிளாஞ்ச் அங்கிருந்தே நழுவுகிறாள். எங்கே ஒளிவது? ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்தின் சமையலறையில். சமையல்காரியின் முகத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? அடக்கி வைத்தவன் கொடுத்த கண்ணுக்குத் தெரியாத தன்மையையே அவள் முக்காடாகப் போட்டுக்கொள்கிறாள்.

அங்கே சாவுகள் விழுகின்றன. ஊர் ஷெரீப்பின் சாவு பெரிய செய்தியாகிறது. தோட்டவேலை செய்த நேட் என்ற கறுப்பர் தீயில் சாகிறார், அது விபத்து என்று போய்விடுகிறது. பிளாஞ்சை உலுக்குவது அந்த இரண்டாவது சாவுதான். அவள் கையில் பூதக்கண்ணாடி இல்லை. யார் படுக்கை கலைந்திருக்கிறது, யார் சாப்பிடவில்லை, எந்தக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது, வேலைக்காரிதானே என்று அவள் எதிரிலேயே என்ன பேசினார்கள் — இவைதான் அவளுடைய தடயங்கள். வீட்டைக் கூட்டுகிறவளுக்குத்தான் வீட்டின் அழுக்கு தெரியும். முதலாளியம்மா நம்மைச் சொந்தமாக நினைக்கிறாள் என்று நம்பி உருகுகிற வேலைக்காரர்களின் மனநிலையைப் பிளாஞ்ச் ஒரு நோய் என்று பெயர் வைத்தே கேலி பேசுகிறாள். ‘எங்க ஐயா தங்கமானவரு’ என்று நம்ம பெரிசுகள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த இடம் நல்லா உறைக்கும்.

குறையும் இருக்கிறது. மர்ம முடிச்சு இறுக்கமாக இல்லை. பாதியிலேயே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆனால் பிளாஞ்ச் எப்படித் தப்பிக்கப்போகிறாள் என்ற பதைப்பு கடைசிவரை விடவில்லை. 1994இல் வந்த இரண்டாவது நாவல் இன்னும் துணிச்சல். அங்கே கதை நடப்பது வசதியான கறுப்பர்களின் விடுமுறை ஊரில். வெளிர்நிறக் கறுப்பர் கருநிறக் கறுப்பரை ஒதுக்குகிறார்கள். வெள்ளையனைத் திட்டுவது எளிது, நமக்குள் இருக்கிற படிக்கட்டைக் காட்டுவது கஷ்டம். நம்மில் உட்சாதி பேச்சு வந்தால் உடனே வேறு பேச்சுக்குத் தாவுகிற தோழர்கள் இதைக் கட்டாயம் படிக்கணும். நான்கு பிளாஞ்ச் நாவல்களோடு நீலி நிறுத்திக்கொண்டார். 2020இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் அவரைப் பேராசான் என்று கௌரவித்தது. அந்த வருசமே இறந்துபோனார்.

அடுத்தது செஸ்டர் ஹைம்ஸ். இந்த ஆள் எழுதப் பழகியது கல்லூரியில் இல்லை, சிறையில். ஆயுதக் கொள்ளை வழக்கில் 1928இல் உள்ளே போய் 1936இல் வெளியே வந்தவர். நிறவெறி தாங்காமல் 1953இல் பிரான்சுக்குப் போனார். அங்கே ஒரு பதிப்பாசிரியர் துப்பறியும் கதை எழுதச் சொல்ல, காசுக்காக எழுத ஆரம்பித்தார். 1965இல் வந்த ‘காட்டன் கம்ஸ் டு ஹார்லம்’ அதில் ஒன்று. ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்லி ஒரு போலிப் பாதிரி 87 ஏழைக் குடும்பங்களிடம் தலைக்கு 1,000 டாலர் வசூலிக்கிறான். அந்த 87,000 டாலர் கொள்ளை போய் ஒரு பஞ்சுப் பொதிக்குள் மறைகிறது. பஞ்சு! எந்தப் பஞ்சுக் காட்டில் அந்தச் சனங்களின் முன்னோர்கள் அடிமைகளாக முதுகொடிந்தார்களோ, அதே பஞ்சு. விடுதலையின் பெயரால் வசூல் பண்ணுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார் ஹைம்ஸ். சிரித்து முடித்தபின் வயிறு எரிகிறது.

ஒரு நெருடல் உண்டு. இவருடைய துப்பறிவாளர்கள் இரண்டு கறுப்புப் போலீஸ்காரர்கள். தங்கள் சனங்களையே அடிக்கிறார்கள், துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறார்கள். ஹைம்ஸ் அதை வீரமாகவும் காட்டுகிறார், கேவலமாகவும் காட்டுகிறார். லத்தி நம்ம ஆள் கையில் இருந்தால் அது நம்ம லத்தியா? அவருக்கே இந்தக் கேள்வி குடைந்திருக்க வேண்டும். 1969இல் எழுதிய ‘பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்’ நாவலில் அந்த இரண்டு பேராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கலவரத்துக்குக் காரணமான ஆளைப் பிடி என்று மேலதிகாரி சொல்கிறார். காரணம் ஒரு ஆள் இல்லையே, எப்படிப் பிடிப்பது? குருடன் ஒருவன் ரயிலில் கண்டபடி சுடுவதோடு கதை முடிகிறது. முடிச்சை அவிழ்க்காத துப்பறியும் கதை! விதி போட்ட வான் டைன் படித்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வால்ட்டர் மோஸ்லியின் ‘டெவில் இன் எ புளூ டிரஸ்’ (1990) இவற்றில் விறுவிறுப்பானது. 1995இல் படமாகவும் வந்தது. கதை நடப்பது 1948இல். உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய ஈசி ராலின்ஸுக்கு விமானத் தொழிற்சாலை வேலை போய்விடுகிறது. வீட்டுக் கடன் தவணை கட்டணும். அதற்காகத்தான் ஒரு பெண்ணைத் தேடித் தருகிற வேலையை ஒத்துக்கொள்கிறார். ஷெர்லக் ஹோம்ஸ் பொழுது போகாமல் துப்பறிவார், ஈசி வீடு போகாமல் இருக்கத் துப்பறிகிறார். கதையின் முடிச்சு நிறத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஊர் பெயரை மாற்றிச் சொல்லி நகரத்தில் வாடகை வீடு பிடித்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். பெண்களை எழுதுவதில் மட்டும் மோஸ்லி பழைய பாணிதான். நீலியைப் படித்துவிட்டு வந்தால் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

சரி, நம்ம ஊர்? ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த் எல்லாரையும் படித்தவன் நான். இவர்களைத் திட்டித் தீர்க்க எனக்கு விருப்பம் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நம்ம பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் படிக்கிற பழக்கத்தை விடாமல் வைத்திருந்தவை இந்தப் பாக்கெட் நாவல்கள். பெரிய இலக்கியம் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆனால் நான் படித்தவரை, துப்பறிகிறவருக்குச் சாதி இல்லை. சாதி இல்லாதவர் என்றால் என்ன சாதி என்று நமக்குத் தெரியும்தானே? நம்ம ஆள் வருவது பெரும்பாலும் பிணத்தை முதலில் பார்த்து அலறுகிறவராகத்தான். அந்த அலறலோடு அவர் கதை முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு வரி வரும்: பிணம் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பப்பட்டது. எத்தனை நாவலில் படித்திருக்கிறோம் இந்த வரியை! அனுப்பியது யார்? கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கி ஊறிப்போன உடம்பைத் தூக்கியவர் யார்? சவக்கிடங்கில் அதைப் புரட்டிப் போட்டவர், கழுவியவர், தைத்துக் கட்டிக் கொடுத்தவர் யார்? கழுத்தில் இருந்த தடத்தை எல்லாருக்கும் முன்னால் பார்த்தவர் அவர்தானே? தற்கொலை என்று எழுதப்பட்ட சாவு தற்கொலை இல்லை என்று அவருக்குத்தானே முதலில் தெரிந்திருக்கும்? அவரை யாராவது கேட்டார்களா? விசாரிக்கிற அதிகாரியும் கேட்கவில்லை, கதை எழுதுகிறவரும் கேட்கவில்லை.

எழுத ஆசைப்படுகிற மாணவத் தோழர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கவிதை எழுதுங்கள், தன்வரலாறு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மர்ம நாவலும் எழுதுங்கள். டீக்கடையில் தொங்கணும், ரயிலில் கை மாறணும், ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் படிக்க வைக்கணும். துப்பறிகிறவர் கோட்டுப் போட்டு காரில் வந்து இறங்க வேண்டாம். அவர் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார், கையில் விளக்குமாற்றோடு. மற்றவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்களே, அந்த வரியிலிருந்து கதையை ஆரம்பியுங்கள்.